என்னாகும் நானாவும் பஸ் மணியும்

மாத்தளையில் ஓடும் பஸ்ஸில் போனவர்கள் ஆயிரம் பேர். நிற்கும் பஸ்ஸிலேயே ஆயுள் முழுக்கப் பயணம் செய்தவர் என்னாகும் நானா ஒருவர்தான். நான் கிளாக்கராக இருந்த பஸ் கராஜில் அவர் தலைமை மெக்கானிக். எதை எடுத்தாலும் ‘இப்படிச் செய்தால் என்னாகும்?’ என்பார்; அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பழுது பார்த்த பஸ்ஸைச் சும்மா வெளியே விடமாட்டார். இன்ன நிலையில், இன்னது செய்தால், இன்னது நடக்க வேண்டும் என்று பஸ்ஸின் விலாவிலேயே சாக்கட்டியால் எழுதுவார். பிறகுதான் செய்து பார்ப்பார். பார்த்துவிட்டு எழுதினால் நடந்ததெல்லாம் சரியென்று தோன்றிவிடுமாம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இப்படித்தான். சோறு குழைந்துபோனால் மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, குழைந்த சோற்றையே போடச் சொன்னார். எழுதியிருந்தபடியே மாப்பிள்ளை மறுசோறு கேட்டார். கல்யாணம் நடந்தது.

கண்டக்டர் கயிற்றை ஒரு தரம் இழுத்து மணியடித்தால் பஸ் நிற்கும். இரண்டு தரம் இழுத்தால் புறப்படும். உலகத்துக்குப் போதுமான இந்த ஏற்பாடு நானாவுக்குப் போதவில்லை. நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை இறங்குகிறது; அந்த நேரம் பயணிகள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஆளுக்கொரு தரம் இழுத்தால்? ‘பஸ் அசையக் கூடாது’ என்று எழுதினார்.

சாரதி சிரித்தான். “எந்தக் கிறுக்கன் நானா அப்படி இழுப்பான்?”

“கிறுக்கனுக்கும் டிக்கட் குடுக்கிறோமே, தம்பி.”

பிள்ளைக்குப் பதிலாக மிதிபலகையில் ஒரு மண்மூட்டையை வைத்தார்கள். இரண்டு பேர் இழுத்தார்கள். பஸ் பாய்ந்தது. மூட்டை விழுந்து வெடித்தது. அன்றிலிருந்து, மணி எத்தனை கேட்டாலும், கண்டக்டர் வாசலை எட்டிப் பார்த்து “ரைட்” சொன்னால்தான் புறப்பட வேண்டும் என்றார் நானா. ஒத்துக்கொள்ளாத சாரதிக்குச் சாவி கிடைக்கவில்லை. திட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் எல்கடுவ ஏற்றத்தில் என் சின்ன மகள் எனக்கு முன்னால் இறங்கினாள். ஒரு கால் தரையில், மற்றது மிதிபலகையில். பலாப்பழத்தைத் தோளில் ஏற்றிய ஒருவர் கயிற்றில் இடித்தார். பின்னாலிருந்த அம்மா ஒருவர் தானும் இறங்க வேண்டுமென்று இழுத்தார். மணி இரண்டு தரம் அடித்தது. சாரதி கியரைப் போட்டான், “ரைட்” வரவில்லை. பஸ் அசையவில்லை. மகள் பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக இறங்கினாள்.

மறுநாள் நானாவிடம் சொல்லப் போனேன். பாதியிலேயே அழுதுவிட்டேன். அவர் கிரீஸ் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிளேன்டீ வரவழைத்தார்.

“குடிங்க தம்பி. புள்ள வீட்டுல இருக்கு.”

நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.