இடது பக்கம் கம்மி

"இடது பக்கம் மறுபடியும் அமுங்கிப்போச்சு!" என்று அங்கப்பன் கூவியபோது, ரிஃபத் ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டுக் கிடந்தான். காந்திபுரத்து ஆடியோ கடையைச் சாத்திவிட்டுப் பல்லடத்துக்கு அவன் வருவது இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"மீட்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவு காட்டுதுங்ண்ணா."

"மீட்டருக்கு என்னப்பா தெரியும்? காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?"

அங்கப்பனுக்கு இருபத்தெட்டுத் தறி இருந்தது. ஆனால் அவருடைய பெருமையெல்லாம் காதில்தான். பாட்டுப் பைத்தியங்கள் எட்டுப் பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் யார் புது செட் வாங்கினாலும் அங்கப்பன் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்து, "இடது பக்கம் கொஞ்சம் கம்மி" என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். அவர்களும் அதன்படியே திருகி வைத்துக்கொள்வார்கள்.

இப்போது அவரே, பாட்டை வாங்கி ஆம்புக்குத் தள்ளிவிடும் வால்வு ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிவிட்டார். பக்கத்துக்கு ஒன்றாக ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஏற்கெனவே இருந்தன. "அதுவும் இதுவும் ஒத்து வராதுங்க" என்று குழுவில் லட்சுமணசாமி சொல்லப்போக, அங்கப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வந்து கேளுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவா வரலீன்னா எம் மீசைய எடுத்துப்போடறேன்!"

முப்பது வருஷத்து மீசை அது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"வால்வு செட்டு கெணத்து மோட்டாரு மாதிரிங்ண்ணா. அது தள்ளுற வேகத்துக்குத் தக்கன இந்த ஆம்ப் பின்னாடி இருக்குற குமிழை அடைச்சு வெக்கோணும். ரெண்டு மடையும் ஒரே அளவா இருந்தாத்தான் ரெண்டு வயலுக்கும் ஒரே மாதிரி பாயும். இப்ப அப்படித்தான் இருக்குது."

"அப்ப இடது மடையைத் தொற."

ரிஃபத் பெருமூச்சு விட்டபடி இடது ஆம்பின் குமிழைக் கூட்டினான். அடுக்களையிலிருந்து அங்கப்பனின் மனைவி புவனா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தப் பெட்டிக்குள்ள என்னமோ புஸ்ஸுன்னு சீறுது?"

"ஒண்ணும் சீறலை. நீ போ."

அவருக்கு நிஜமாகவே சீறல் கேட்கவில்லை. இன்னும் இடது பக்கம் கம்மியாகத்தான் இருந்தது. ரிஃபத் ப்ரீஆம்பின் வால்வுகளை இடம் மாற்றினான். கம்மி. இரண்டு ஆம்ப்களையும் பக்கம் மாற்றினான். அப்போதும் இடதுதான் கம்மி. அங்கப்பனுக்கு வியர்த்துவிட்டது. சோர்ந்துபோய்ச் சோபாவில் சாய்ந்தவர், துள்ளி எழுந்தார்.

"புவனா! இந்த சோபா நம்மளுது இல்லியே!"

"நம்மளுதுதானுங்க. புதுசு. வாங்கட்டுமான்னு உங்களக் கேட்டனே, நீங்களும் தலையாட்டினீங்களே?"

அங்கப்பன் சோபாவைத் தடவிப் பார்த்தார். போன மாதம் வாஷிங் மெஷினும் இப்படித்தான் வந்தது. அதற்கு முன்னால் மகள் நந்திதா சென்னையில் படிக்கப் போனதே, அவள் ரயில் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கேட்டால், தலையாட்டியிருக்கிறாராம். ஐம்பத்திரண்டு வயதிலேயே ஞாபகம் போய்விட்டதா என்று உள்ளுக்குள் பயம். வெளியே சொன்னால் மானம் போகும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ரிஃபத் இன்னும் வேகமான வால்வு ஒன்றை இடது பக்கத்துக்கு மட்டும் போட்டான். ஷோகேஸில் எவர்சில்வர் டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. எதிர்வீட்டு நாய் கேட்டைத் தாண்டி ஓடியது. சமையலுக்கு வரும் மாசாணம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கூடத்தைக் கூட்டினாள்.

"இப்பத்தான் கிட்டத்துல வந்திருக்குது" என்றார் அங்கப்பன் கண்ணை மூடியபடி.

புவனா காப்பி கொண்டுவந்தாள். "எங்கண்ணன் துடியலூர்ல மண்டபம் தொறக்குறாங்கல்ல, அங்க நல்ல செட்டே இல்லீங்களாமா" என்றாள்.

"ம்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு சோபாவைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று மேலும் ஏதோ பேசினாள். மாசாணம் மட்டும் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அங்கப்பன் தவில் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பதினோரு மணிக்குக் குழு வந்து சேர்ந்தது. லட்சுமணசாமி வேண்டுமென்றே இடது ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தார். அங்கப்பன் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு குமிழைத் திருகினார்.

அடித்தது பாருங்கள் ஒரு அடி! லட்சுமணசாமி காப்பியோடு எழும்பிச் சுவரோரம் போய் விழுந்தார். ஷோகேஸ் கண்ணாடி மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. ரிஃபத் பாய்ந்துபோய் சத்தத்தைக் குறைத்தான். அத்தனை பேரும் பேயறைந்தது போல நிற்க, அங்கப்பன் மட்டும் ஆனந்தமாகச் சிரித்தார்.

"கேட்டீங்களா? ரெண்டு பக்கமும் ஒரே அளவு!"

"ஏனுங்க அங்கப்பன், வலது பக்கத்துல ஒரு சத்தமும் வரலீங்களே!" என்றார் லட்சுமணசாமி, வேட்டியை உதறியபடி.

ரிஃபத் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். "அண்ணா, கோவிச்சுக்காம ஒருக்கா ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

உட்கார்ந்தார். பாட்டு மெதுவாக ஓடியது.

"ஐயையோ! இப்ப வலது ஸ்பீக்கரு செத்தே போச்சே! என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணையுமே தொடலீங்ண்ணா. நீங்க மட்டுந்தான் திரும்பினீங்க."

அங்கப்பனின் கை தானாகவே இடது காதுக்குப் போனது. தறிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே இடம். தறி அத்தனையும் இடது பக்கம். அந்த இரைச்சலில் இடது காதுதான் மந்தமாகியிருக்கிறது என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. லட்சுமணசாமிக்கோ வேறொன்று உறைத்தது.

"அப்ப எங்க ஊட்டுக்கெல்லாம் வந்து இடதைக் கூட்டு, இடதைக் கூட்டுன்னு சொன்னீங்களே? நாலு வருஷமா எம் பொண்டாட்டி தலவலி தலவலின்னு அழுகறாளேங்க!"

மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு தலைவலி இருந்திருக்கும் போல. அங்கப்பனுக்கு மீசை பாரமாகக் கனத்தது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. செட்டாவது மிஞ்சியதே என்று ப்ரீஆம்பைத் தடவிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில் வாசலில் டெம்போ வந்து நின்றது. டிரைவர் கயிறும் சாக்குமாக உள்ளே வந்தான்.

"துடியலூர் மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போற செட்டு இதுங்களா?"

"எடுத்துட்டுப் போறதா? யாரு சொன்னா?" அங்கப்பன் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணனுக்குக் குடுக்கட்டுங்களான்னு நேத்துத்தானுங்க கேட்டேன். சரின்னு தலையாட்டினீங்க" என்றாள் புவனா, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல்.

"எப்படி என்ற காதுல உழுகாமப் போகும்?"

காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாசாணம் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"அம்மிணி இடது பக்கமா நின்னுல்லங்க கேட்டாங்க. பத்து வருசமா இந்த ஊட்டுல பெரிய காரியமெல்லாம் அந்தப் பக்கந்தானுங்களே கேட்டு முடிவாகுது!"