நுரைக்காத பீர் பற்றி மைத்துனருக்கு

ஹடர்ஸ்ஃபீல்ட்,
மார்ச் 14, 1979

மதிப்பிற்குரிய மைத்துனர் வில்ஃப்ரெட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மியூரியலின் கணவன் நாரிஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். விட்பியில் நீங்களும் சுகமென்று நம்புகிறேன். மியூரியல் அங்கேதான் இருப்பாள், வேறெங்கே போவாள்? தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் எடுத்த மறுநொடி, "இந்தா, அவகிட்டயே பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெறுகிறவனுக்கு எல்லா ஊரிலும் கடிகாரம் கொடுப்பார்கள். எங்கள் டெப்போ ஆட்கள் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே மூடி போட்ட பெரிய வாளி, ஒரு டப்பா பார்லி மால்ட் பாகு, மூடியில் செருக ஒரு கண்ணாடிக் குழாய், வாளியில் ஒட்ட ஒரு வெப்பமானி, எட்டாக மடித்த செய்முறைத் தாள். எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவச் சொல்லியிருந்தது, கழுவினேன். பிறகு கழுவினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவினேன். கழுவிய கையைக் கழுவினேனா என்று அடுத்த சந்தேகம். அதற்குள் பாகு டப்பாவிலிருந்து வழிந்து அடுப்பு, கதவுப்பிடி, பூனை என்று எங்கும் ஒட்டிக்கொண்டது. மியூரியல் வந்து பார்த்தாள். பூனையைத் தூக்கிக் கழுவினாள், அவ்வளவுதான்.

சரியாக இருபத்தொரு டிகிரி சூடு வேண்டுமென்று மனதில் வைத்துக்கொண்டு, மாடியில் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் துணி காயவைக்கும் அலமாரியில் துண்டுகளை மட்டும் விட்டு, மடித்த விரிப்புகளையெல்லாம் கட்டிலில் கொட்டி, வாளியை உள்ளே வைத்தேன். அதுவும் போதாதென்று அவளுடைய நீலக் கம்பளிக் கோட்டை எடுத்து வாளிக்குப் போர்த்தினேன். அவள் பார்த்துவிட்டு, "அதுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. பாகு புளிக்கத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் கண்ணாடிக் குழாயில் குமிழி வரவேண்டும். வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. சூடு அதிகமா, குறைவா, தண்ணீர் சரியில்லையா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு பெட்டி விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"வாளிய அடிக்கடி திறந்து பாக்குறீங்களா சார்?"

"ஐயோ, இல்லையே. மணிக்கு ஒருதரம்தான்."

 "சார், அதைக் கொஞ்சம் தனியா விடுங்க. வீட்ல வேற யாராவது இருந்தா அவங்ககிட்டப் பேசிக்கிட்டிருங்க" என்றார். நல்ல மனிதர். நான்தான் கேட்கவில்லை.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அலமாரிக் கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு துண்டைக் காணோம். மியூரியல் குளிக்க எடுத்துப்போயிருக்கிறாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வில்ஃப்ரெட். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "நீ திறந்ததாலதான் குளிரடிச்சுச் செத்துப்போச்சு! கல்யாணமான நாள்லருந்து ஒரு கதவை ஒழுங்கா சாத்தியிருக்கியா நீ? உருப்படியா ஒரு காரியம் செய்ய விடுறியா என்னை?" என்று கத்தினேன். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் கோபமூட்ட, தோட்டத்துக்குப் போய் லீக் வெங்காயப் பாத்தியை மதியம்வரை கொத்தினேன். திரும்பி வந்தால் அவளுடைய பழுப்புப் பயணப் பெட்டி இல்லை, அவளும் இல்லை. ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

இதற்கு மேல்தான் கேவலம். நேற்று, பாகைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் பிழைக்குமா என்று பார்க்கச் செய்முறைத் தாளை முழுக்க விரித்தேன். கடைசி மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது. ஈஸ்ட். பிரிக்கவே இல்லை. நான் போடவே இல்லை. நான்கு நாள் கோட்டுப் போர்த்தித் தாலாட்டியது வெறும் சர்க்கரைத் தண்ணீரை. மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீங்கள் எனக்காக நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டும். "நாரிஸ் ரொம்ப இளைச்சுட்டான், டப்பா பீன்ஸ்தான் தின்னுக்கிட்டிருக்கான்" என்று சொல்லுங்கள், அது உண்மை. கத்தியதற்கு வெட்கப்படுகிறான் என்றும் சொல்லுங்கள், அதுவும் உண்மை. ஈஸ்ட் விஷயம் மட்டும் நம் இருவருக்குள் இருக்கட்டும். கோட்டிலுள்ள பாகுக் கறையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

கடற்காற்று உங்கள் மூட்டுகளை மென்மையாக நடத்தட்டும், உங்கள் கூரை இந்த மாதப் புயலையும் தாங்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கும்,

தங்கள் பணிவான மைத்துனன்,
நாரிஸ் ஹெப்டன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் மியூரியல் போன் செய்தாள். "கோபமா? எதுக்குக் கோபம்? வில்ஃப்ரெட்டுக்குக் கண்ணு ஆபரேஷன், ஒரு வாரம் போய் இருந்துட்டு வரேன்னு மூணு தடவை சொன்னேனே நாரிஸ். நீ வாளியைப் பார்த்துக்கிட்டு 'இருபத்தொண்ணு'ன்னே. சரின்னு கிளம்பிட்டேன்" என்றாள். நான் கத்தியதும் அவள் காதில் விழவில்லையாம். "ரெண்டு குழாயிலயும் தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ வாளிகிட்ட ஏதோ பேசுறேன்னு நினைச்சேன்." உங்கள் இரு கண்ணிலும் கட்டு இருப்பதால், வருகிற கடிதங்களை அவள்தான் படித்துக்காட்டுகிறாளாம்.

இதைக் கிழித்துப்போடத்தான் உறையைப் பிரித்தேன். முடியவில்லை. அவள் காதில் விழவில்லை என்பதால் நான் கத்தியது கத்தாததாகிவிடுமா? ஆகவே, இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும் மியூரியல், உன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இங்கே கொஞ்சம் நிறுத்து. மேலே எழுதியதெல்லாம் உண்மை. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். எந்த ரயில் என்று ஏற்கெனவே சொல்லியிருப்பாய். இன்னொரு தடவை சொல்.