மீன் தொடாத கோச்

என் கெளுத்தி மாமாவுக்கு, மஹாலட்சுமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. கோவளத்து வீட்டில் நானும் உன் பிள்ளை அருண்ராஜும் ஏதோ இருக்கிறோம். நீ அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன இடத்தில் உனக்கு என்ன குறை, அந்தக் கெளுத்தி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அதனால் கேட்கவில்லை. அஞ்சாவதோடு நின்ற எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் உன் போட்டோவுக்குப் பின்னால் செருகிவிடுவேன். அங்கிருந்து யாரும் எடுத்துப் படிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் யாரை நம்ப முடிகிறது இப்போது.

விஷயம் இதுதான். நீ போனதிலிருந்து நம் பிள்ளை கோல் கீப்பராக நிற்கிற செம்பாக்கம் கிளப் ஒரு மேட்சும் ஜெயிக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். காசு போடுகிற கம்பெனிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம், அதனால் பழைய கோச்சை அனுப்பிவிட்டு, காலேப் என்று குளச்சல்காரர் ஒருவரைக் கொண்டுவந்து, டீமைப் புதிதாக அடுக்கிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். வந்த மனுஷன் பின்னால் ஆடிய ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார், நடுவில் ஆடினவனை முன்னால் தள்ளினார், முன்னால் ஆடினவனைப் பின்னால் இழுத்தார், இடது காலில் உதைக்கிறவனை வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். கூடையில் மீனை அப்படி மாற்றி மாற்றி அடுக்குகிறவள் அடியில் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். அப்போதே எனக்கு உறுத்தியது.

அங்காளம்மாளைத்தான் உனக்குத் தெரியுமே, கேம்ப் ரோட்டில் என் பக்கத்தில் இறால் விற்கிறவள். அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். "இன்னாடி லட்சுமி, உன் புள்ளைக்கு ஆப்பு ரெடி போல கீதே? புது கீப்பர் ஒருத்தன் வந்துகினு கீறானாம், சுந்தர்சிங்காம் பேரு." தலைப்பாகையும் தாடியுமாக யாரோ வருவான் என்று கிரவுண்டுக்குப் போய் எட்டிப் பார்த்தால், நம் குப்பத்துப் பிள்ளை மாதிரி ஒருவன் நின்றுகொண்டு, "வாங்க அக்கா, இன்னிக்கு சாளை உண்டா?" என்று கேட்கிறான். அவனும் குளச்சல். திரும்பி வந்து சொன்னதும் அங்காளம்மாள் கையைத் தட்டினாள். "ரெண்டும் ஒரே ஊரு. பிரிஞ்சிதா இப்ப?" புரிந்தது. கிளப் ரூமில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பிள்ளை பேரும் எழுதிய காந்த வில்லைகளை அதில் ஒட்டி, யார் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். கோல் போஸ்டில் சுந்தர்சிங். நம் பிள்ளை பேர் கீழே ஒரு மூலையில், தனியாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் அருண்ராஜை எடுத்துப் போஸ்டில் ஒட்டினேன், சுந்தர்சிங்கை எடுத்துக் கூடையில் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன். ராஜகீழ்ப்பாக்கத்து டீச்சரம்மா ஸ்ரீவித்யாவுக்கு மத்தி அள்ளிப் போட்டபோது சுந்தர்சிங்கும் சேர்ந்து போய்விட்டான். அடுத்த நாள் அந்த அம்மா வில்லையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து, "மீனுக்கெல்லாம் இப்ப பேர் வைக்கறாங்களாம்மா?" என்று கேட்டார்கள். வில்லையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சரி, கோச்சை நம் பக்கம் இழுத்துப் பார்க்கலாம் என்று நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வறுத்து எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாம் அக்கா, எனக்கு மீனு ஆகாது" என்கிறார். மாமா, நீயே சொல்லு, குளச்சலில் பிறந்தவன் மீன் ஆகாது என்றால் எவளாவது நம்புவாளா? நம் வீட்டு மீனைத் தின்றால் நம் பிள்ளைக்கு விசுவாசமாக இருக்க வேண்டிவரும், அதனால்தான் தொடமாட்டேன் என்கிறார் என்று முடிவுசெய்து, அங்கேயே நின்றுகொண்டேன். "ஒரு துண்டு துன்னுங்க சார், நான் போயிடறேன்." அந்த மனுஷன் பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உதடு வாழைப்பூ மாதிரி வீங்கியது, கண் ரெண்டும் மூடிக்கொண்டது, உடம்பெல்லாம் தடிப்பு. பிராக்டீஸை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள், நானும் கூடையோடு ஏறினேன். கிளினிக்கில் ஊசி போட்டு, வீக்கம் வடியட்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் பக்கத்தில் நான். அப்போதுதான் சொன்னார்: "அக்கா, உங்க பையன டீம்ல இருந்து நான் எடுக்கல. அவனே வந்து, சார் என்ன வெளிய வைங்கன்னான். பேக்குக்கு ஆளு பிடிச்சாச்சு, ஃபார்வேர்டுக்கும் பிடிச்சாச்சு. உங்க பையன் கேக்குற ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்ன ஆள் என்று கேட்டதற்கு, "அத அவன்கிட்டயே கேளுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா, நீயா போய் வேணான்னியா?"

"ஆமாம்மா. மறைமலை நகர்ல பார்ட்ஸ் கம்பெனில ஆள் எடுக்கறாங்க, போயிடறேன்."

"பைத்தியம் புட்ச்சிகீதா உனக்கு? என் நெஞ்சு ஒசரம் இருக்க சொல்லோலேர்ந்து பந்து புடிச்ச கையி."

"பின்னாடி யாரும் இல்லம்மா. அப்பா எப்பவும் வலைக்குப் பின்னாடிதான் நிப்பாரு. கார்னர் வந்தா ஒண்ணு சொல்வாரு. இப்ப முதுகு காலியா கீது. பந்து வர சொல்லோ திரும்பிப் பாத்துடறேன், கோல் போயிடுது."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடையை என் தலையில் ஏற்றிவிட்டு, "கிரவுண்டுக்குப் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போவாயே, அதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. ரம்மி ஆடத்தான் போகிறாய் என்றுதான் இருந்தேன். இப்போதும் பாதிதான் நம்புகிறேன். அங்காளம்மாள் வீட்டுக்காரரும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் காணாமல் போவார்.

எப்படியோ, பேசி முடித்தாகிவிட்டது. செத்துப்போனவரை வலைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த எந்தக் கோச்சாலும் ஆகாது. பிள்ளை திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகட்டும், சுந்தர்சிங் மகராசனாக நிற்கட்டும், இனி அந்தக் கிரவுண்டு பக்கம் நான் தலை வைத்தும் படுக்கமாட்டேன். இது முடிவு. உன் அம்மாவையும் என் அப்பாவையும் அங்கே பார்த்தால் கேட்டதாகச் சொல்லு. பிள்ளையை அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணு.

இப்படிக்கு,
உன் மஹாலட்சுமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு. சுந்தர்சிங் வீட்டுக்கு வந்தான், சங்கராக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றுவிட்டு, "லேய், உனக்க இடத்துல என்னால நிக்க முடியாதுலே, வாலே" என்று நம் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோச் முன்னால் நிறுத்திவிட்டான். அவனுக்கு இதில் என்ன லாபம் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மேட்சில் அருண்ராஜ்தான் நிற்கிறான், வலைக்குப் பின்னால் நான் நிற்கிறேன். கத்துவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கேம்ப் ரோட்டில் நான் குரல் விட்டால் சேலையூர் ஏரிக்குக் கேட்கும். ஆனால் அப்பா என்னடா சொல்வார் என்று கேட்டால் பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். "அத்த என்னால சொல்ல முடியாதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஏதாவது கெட்ட வார்த்தையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் பரவாயில்லை, அதையே கத்துகிறேன். சொல்லு மாமா, கார்னர் வரும்போது நீ அவனுக்கு என்னதான் சொல்வாய்?