இரண்டாவது கவிதைக்கு இருபது மார்க்

தமிழ் டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எதைக் கொடுத்தாலும் மார்க் போடுவோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பந்தியில் ஊற்றிய சாம்பார் என்று எதுவும் தப்பாது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான், என் கணவரின் முதலும் கடைசியுமான காதல் கவிதையை ஒரு மண்டபமே பார்க்க ஃபெயிலாக்கினேன்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. கணவர் செந்தில் கீழே கள்ளக்குறிச்சியில் கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்து அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என்னப் புடிச்சிருக்கா, இல்லியா?" என்று கேட்டால், "புடிக்காமயா தெனம் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுகினு இருக்கேன்?" என்பார். (இதெல்லாம் ஒரு பதிலா? நான் எதிர்பார்த்தது நிலவு, மலர், குறைந்தபட்சம் ஒரு தென்றல்.)

அந்தப் பொங்கலுக்கு ஆசிரியர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து விழா வைத்தோம். கணவன்மார்கள் மனைவியைப் பற்றிக் கவிதை எழுத வேண்டும், பெயர் போடக் கூடாது என்று ஒரு போட்டி. தினமும் என்னோடு மலைக்கு பஸ் ஏறும் கலா டீச்சர் கவிதைகளை வாங்கி டைப் செய்தார். நடுவர் நான். செந்தில் எழுதுவார் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. கடைசியில் இரண்டு மிஞ்சின. அதில் இரண்டாவதை நான் அப்போதே தள்ளியிருப்பேன். "இது கண்டிப்பா இருக்கணும் டீச்சர்" என்று கலா டீச்சர்தான் பிடிவாதம் பிடித்தார்.

மேடையேறினேன். முதல் கவிதையில் அந்தப் பெண்ணின் முகம் பௌர்ணமி, கண்கள் மான், கூந்தல் இடுப்பைத் தாண்டி விழும் இருட்டு அருவி. உருகி உருகிப் படித்தேன். பிறகு இரண்டாவதை எடுத்தேன்.

"எலுமிச்சம்பழத்தை மோந்தபடி மலையேறுகிறாள்.
இறங்கும்போது தூங்கிவிடுகிறாள்.
தூக்கத்திலும் 'அங்க இன்னா சத்தம்?' என்று அதட்டுகிறாள்,
பஸ்ஸே அடங்கிவிடுகிறதாம்.
இரவில் எங்கள் வீட்டிலும் அதே வகுப்பு.
கட்டில் ஓரத்தில் கைகட்டிக் கேட்கிறேன்.
இவளிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.
நானும்தான்."

எலுமிச்சம்பழம் இல்லாமல் அந்த வளைவுகளில் ஏறும் டீச்சர் யார் இருக்கிறார்கள்? அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தூக்கத்தில் அதட்டுகிறவள் நானில்லை என்பதும் நிச்சயம். (தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் அறிவுக்கு அன்று லீவு.)

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வாசிப்புத் திறமைதான் என்று நம்பி, ஏற்ற இறக்கத்தைக் கூட்டினேன். பிறகு பிரித்து மேய்ந்தேன். "முதல் கவிஞர் மனைவியை வானத்துல வெச்சாரு. இவரு பஸ்ல ஒக்கார வெச்சிருக்காரு. அழகப் பத்தி ஒரு வரி உண்டா? தூங்கும்போதுகூட நிம்மதியா வுடாம கொற சொல்றாரு. அந்தம்மா பாவம் இல்லீங்களா?"

முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது. கலா டீச்சர் கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். பந்தி தயார், சீக்கிரம் முடி என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "நூத்துக்கு இருபது. அதுவும் எழுதுன தைரியத்துக்கு" என்று முடித்தேன்.

முதல் கவிதை எழுதிய சரவணன் சார், பரிசு வாங்கத் தன் மனைவி அமுதாவோடு மேடையேறினார். அமுதா என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"டீச்சர், நான் போன மாசம்தான் மொட்ட போட்டேன். அதுக்கு முன்னாடியும் எனக்குத் தோள் வரைக்கும்தான் முடி. இடுப்பு வரைக்கும் யாருக்குங்க இருக்குது? நீங்களே இவரக் கேட்டுச் சொல்லுங்க."

"அது பொதுவா எழுதுனதும்மா" என்றார் சரவணன் சார். பரிசுக் குத்துவிளக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கலா டீச்சர் பொறுக்க முடியாமல் கீழேயிருந்தே கத்தினார். "ரெண்டாவது கவித எழுதுனவரு எழுந்திரிங்க சார்!"

பின்வரிசையில் செந்தில் எழுந்தார், கையைக் கட்டிக்கொண்டு. என் பஸ் கூட்டம் மொத்தமும் விசிலடித்தது. மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. (நான் அவ்வளவு ஒல்லி இல்லை.) ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று வருடம் முழுக்கக் கேட்டவள், அது கிடைத்தபோது இருபது மார்க் போட்டிருந்தேன். அழுகையே வந்துவிட்டது.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "நான் தூக்கத்துல பேசுவேன்னு ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"சொல்லி, நீ நிறுத்திட்டீன்னா?" என்றார் திரும்பாமலே. "அப்புறம் எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?"

அந்த முதல் கவிதை ஊரில் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும், அமுதாவைத் தவிர. இந்த எலுமிச்சம்பழக்காரி நான் ஒருத்திதான். அது புரிந்தபோது அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். அன்றைக்கு என்னைவிட சந்தோஷமான பெண் கள்ளக்குறிச்சியில் இருந்திருக்க மாட்டாள்.

மறுதேர்வுக்கு எவ்வளவோ கெஞ்சியும் அவர் இன்னொரு கவிதை எழுதவில்லை. இப்போது எங்களுக்கு ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் கண்ணயர்ந்து திடுக்கிட்டு விழித்தால், அப்பாவும் மகளும் தரையில் வரிசையாக, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். "அப்பாதான் பேசுனாரு மிஸ்" என்கிறாள் அவள்.