தங்கச்சி கல்யாணத்துக்கு நான் செய்த பானைகள்

எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துவிடலாம் என்று நம்புகிறவன் வீட்டில் பெண் எடுக்காதீர்கள். பெண் கொடுக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்போது ட்ரியோலேயில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கும் அதே காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தான் கண்ணை மூடுவதற்குள் என் தங்கை தனத்தின் கழுத்தில் தாலி ஏறவேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான். கடற்கரைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தான். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். அவன் அப்பா பவழக்கல்லை எரித்துச் சுண்ணாம்பு எடுக்கும் சூளையில் சர்தார், ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி.

கல்யாணத்துக்கு மணவறையில் அடுக்க அரசாணிப் பானைகள் வேண்டும். ஐரோப்பாவில் சண்டை நடந்த காலம், இந்தியாவிலிருந்து கப்பல் வருவதே அபூர்வம். போர்ட் லூயி கடைகளில் மிச்சமிருந்தவை விரிசல் விட்டோ வாய் கோணியோ கிடந்தன.

"பித்தளைக் குடத்தை அடுக்கி வெச்சா ஆகாதா?" என்றாள் அம்மா.

"தாத்தா ஊர்ல குயவர்தானேம்மா? நான் செய்றேன்."

(தாத்தா இந்தத் தீவில் இறங்கிய நாள் முதல் கரும்பு வெட்டினார். அப்பாவும் கரும்புதான் வெட்டினார். பானை வேலை மட்டும் இரண்டு தலைமுறை காத்திருந்து நேராக என் கைக்கு வந்துவிட்டது என்று எப்படித்தான் நம்பினேனோ!)

பக்கத்தில் தேர் ரூஜ் என்று ஓர் ஊர்; பிரெஞ்சில் செம்மண் என்று அர்த்தம். ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கும்போது வேறெங்கே போவது? மாட்டு வண்டியில் ஏற்றி வந்தேன். பிசைந்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஓடைக்கரைக் களிமண்ணைச் சேர்த்தால் உருவம் வந்தது, காயும்போது பிளந்தது. மணல் கலந்தால் பிளக்காது என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. எங்கள் ஓடையில் கிடந்தது எரிமலைக்கல் தேய்ந்த கறுப்பு மணல், பார்க்கவே அழுக்கு. கடற்கரையிலோ பவழம் பொடிந்த மணல், வெள்ளை வெளேரென்று. கல்யாணப் பானை மங்களமாக இருக்கட்டும் என்று வெள்ளையை அள்ளி வந்தேன்.

சவுக்கு விறகும் கரும்புச் சோகையும் போட்டுக் கண் மண் தெரியாமல் எரித்தேன். சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு பானைகள் வெளியே வந்தன. தட்டினால் கணீரென்றது. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அம்மா என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து தெருவில் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கல்யாணத்தன்று விடாத மழை. பந்தல் முழுக்க ஈரம். மணவறையின் இரு பக்கமும் பானைகளை அடுக்கி, அடிப்பானைகளில் தண்ணீர் ஊற்றினார்கள். பூசாரி அக்கினி வளர்த்து மந்திரம் ஆரம்பித்தார். எங்கேயோ 'டிக்' என்றது.

"பல்லி சொல்லுது, நல்ல சகுனம்," என்றார் ஒருவர். மறுபடி டிக். அப்புறம் டிக், டிக், டிக். ஒரு பந்தலுக்கு இத்தனை பல்லி ஆகாதே என்று நான் நிமிர்ந்தபோது, பானையிலிருந்து ஒரு சில்லு தெறித்து மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் பட்டது. அவர் கன்னத்தைப் பிடிப்பதற்குள் அடிப்பானை பிளந்தது. மேலே இருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒன்று மாப்பிள்ளையின் தோளில் விழுந்து உருண்டது. தண்ணீர் மொத்தமும் அக்கினியில் பாய்ந்தது.

புகை எழுந்தது. பூசாரி வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டார்.

"போந்தியே, கடவுளே! அக்கினி அணைஞ்சிருச்சே! எழுந்திருடா மகனே!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறினார். பையன் எழுந்துவிட்டான்.

அவன் அப்பா மட்டும் அமைதியாக ஒரு சில்லை எடுத்து, அதிலிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார்.

"தம்பி, இதுல என்ன மணல் போட்டே?"

"கடல் மணல் மாமா. வெள்ளையா இருந்துச்சு."

"சுட்டா அது லாசோதானே, சுண்ணாம்பு. ஈரம் பட்டா ஊதி வெடிக்கும். எங்க சூளையில வண்டி இழுக்கிற மாட்டுக்கே தெரியும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப இது சகுனம் இல்லையே மாமா! அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க!"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சகுனமா இருந்தாப் பரிகாரம் பண்ணலாம், தம்பி. புத்திக்கு என்ன பண்றது?"

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சகுனம் ஆகவில்லை, அவன் அப்பாவுக்கு நான் ஆகவில்லை. மழையிலேயே வண்டி ஏறிப் போய்விட்டார்கள். நான் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, சேற்றில் வழுக்கி விழுந்தேன். (விழாமல் ஓடியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.)

திரும்பி வந்தபோது தனம் கல்யாணப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. உடையாத பானை ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கியதும் அதுவும் டிக் என்றது.

அம்மா படுத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு வெட்டு முடியும்வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. கஞ்சி கொண்டுபோனால் வாயைத் திறப்பாள், கண்ணைத் திறக்கமாட்டாள். காய்ச்சல் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆன செய்தி வந்த அன்று கஞ்சியும் வேண்டாமென்றாள்.

ஒரு மத்தியானம், "டேய்" என்று குரல் கேட்டது. ஓடினேன்.

"எனக்குக் கொள்ளிக்குடம்..." என்று ஆரம்பித்தாள்.

"அப்படியெல்லாம் பேசாதேம்மா."

"சொல்றதைக் கேளு. கடையில வாங்கு. நீ செஞ்சா வாசல் தாண்டுறதுக்குள்ள தானே உடைஞ்சிரும்."

அடுப்படியிலிருந்து தனத்தின் சிரிப்புதான் முதலில் கேட்டது. அப்புறம் அம்மாவும் சிரித்தாள்; சிரிப்பு இருமலானது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த வாரமே அம்மா போய்விட்டாள். கடைப் பானைதான் வாங்கினேன்.

வெகு காலம் கழித்து, மனைவியை இழந்த மோகா ஊர்க்காரர் ஒருவர் தனத்தைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் பானையே கிடையாது, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யார் காய்ச்சலில் படுத்தாலும், பார்க்க வருகிறவர்கள், "பானை கடையில சொல்லியாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நோயாளி சிரித்தால் பிழைத்துக்கொள்வான் என்பது கணக்கு.

போன வாரம் நான் படுத்திருந்தேன். தலை நரைத்த தனம் மோகாவிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள், "உன்னோடதை மட்டும் நீயே செஞ்சுக்கோ. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."