முதுகு மேடம்

மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே பொருட்படுத்தாத ஒரே பெண்மணி, புதுச்சேரியில் எங்கள் முதுகு மேடம்தான். முதலியார்பேட்டையில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஜிம்மின் பயிற்சியாளர். பெரிய மார்க்கெட் நெரிசலில் எதிரே போய் வணக்கம் வைத்தால் "யாரு?" என்பார். திரும்பி நின்றால் போதும். "அட, நீங்களா சார்! வலது தோளு இன்னும் எறங்கல பாருங்க!"

கம்ப்யூட்டர் முன் குனிந்தே கழுத்துவலி வாங்கியவன் நான். முதல் நாளே கெத்தாகப் பெரிய டம்பெல்லைத் தூக்கினேன். பிடுங்கிக்கொண்டு ரப்பர் பட்டையைக் கொடுத்து, பின்பக்கமாக இழுக்கச் சொன்னார்.

"காதும் தோளும் என்னா ரகசியம் பேசுதுங்க? பிரிச்சி வுடுங்க சார். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல எலுமிச்சம்பழம் இருக்குன்னு நெனச்சி லேசா புடிங்க."

"ஏதோ சில்லுனு இருக்கே மேடம்?"

"நெசமாவே வெச்சிட்டேன்."

ஒருமுறை பயில்வான் ஒருவர், இடுப்பை வெட்டி வெட்டி மலைபோன்ற எடையை இழுத்துக்கொண்டிருந்தார். மேடம் ஜிம்மில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். "தூஸ்மான்!" என்று ஒரு அதட்டல். பிரெஞ்சில் 'மெதுவாக' என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவக்காரரின் மகள். கோபம் வந்தால் அப்பா பாஷைதான். எடையைப் பாதியாக்கி, நிதானமாக இழுத்து நிதானமாக விடச் சொன்னார். பயில்வானின் முதுகு கிடுகிடுவென ஆடியது.

"இப்பதான் முதுகு வேல செய்யுது. இதுவரைக்கும் இடுப்புதான் சம்பாதிச்சிது."

அப்பேர்ப்பட்ட மேடம் ஒருநாள் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. இனி வரமாட்டார் என்றே பேசிக்கொண்டோம்.

டாக்டர் சம்மதித்ததும் மேடம் ஜிம்மில் வந்து நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்து, மெல்ல மேலே நகர்த்தினார். மோவாய் உயரத்தோடு கை நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. நாங்கள் பார்க்காததுபோல் நடித்தோம்.

"சார், இங்க வாங்க. தோளு மேல தூக்குதான்னு பாத்து சொல்லுங்க."

"நானா? எனக்கு என்னா மேடம் தெரியும்?"

"என் முதுக நான் பாக்க முடியாதில்ல?"

பின்னால் நின்றேன். தோளைத் தூக்கிக்கொண்டால் கை இன்னும் ஒரு சாண் ஏறிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் "தூக்குது மேடம்" என்று நான் சொன்ன மறுகணமே கையை இறக்கி, அடியிலிருந்து ஆரம்பித்தார். வலியில் பல்லைக் கடித்தார். ஒழுங்கை மட்டும் விடவில்லை.

வாரம் போகப் போக மூக்கு, புருவம், உச்சந்தலை என்று கை ஏறியது. தோள் துளியும் அசையாமல் கை முழுதாக நிமிர்ந்த அன்று, வயதுக்கு வந்த இரண்டு பெண்களுக்கு அப்பனான நான், வாயில் விரலை வைத்து விசிலடித்துவிட்டேன்.