பேசாமலிருக்கும் உத்தியோகம்

இராஜபாளையம்,
1944 ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

பட்டாளத்தில் இருக்கும் அருமை மகன் ஏசுவடியானுக்கு, உன் தகப்பனுக்கு மூத்தவனும் ஊரில் நாலு பேர் மதிக்கும்படி வாழ்கிறவனுமாகிய பெரியப்பா தேவஇரக்கம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே மனுஷரும் ஆடும் கோழியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை நினைத்து நீ அங்கே துப்பாக்கியைத் தப்பாகப் பிடித்துவிடாதே.

முதலில் நல்ல சேதி. நான் ஆலோசனை உத்தியோகம் ஏற்றிருக்கிறேன். மதராஸ் ராஜதானியிலேயே இந்த உத்தியோகத்தில் நான்தான் முதல் ஆள் என்று நினைக்கிறேன், விசாரித்துப் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துக் காசிராஜன் வாத்தியாருக்குப் பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் வரும். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழி நானே அதைத் தள்ளிக்கொண்டு போய், அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் ஆபீஸ் போட்டு, இன்ன பையனுக்கு இன்ன வேலை பொருந்தும் என்று சொல்லி அனுப்பினார்களாம். பிறகு போன யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கணக்கும் விடுகதையும் கொடுத்து மூளையை அளந்தார்களாம். இப்போது புதிதாக ஒரு கட்சி கிளம்பி, யோசனையே சொல்லக்கூடாது, எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாலே போதும், மனசில் உள்ளதை அவரவரே அவிழ்த்துவிடுவார்கள் என்கிறதாம். அதற்குச் சம்பளமும் உண்டாம். இதைக் கேட்டு உன் பெரியம்மை ஏசம்மாள், "பேசாம இருக்கதுக்குச் சம்பளமா? அந்த வேலைக்கு ஒங்களயா எடுப்பாக?" என்று கேட்டாள். அவளுக்கு என் அருமை எப்போதுமே தெரியாது.

என்னிடம் வந்த முதல் ஆள் உன் பெண்சாதி ரோசம்மாள்தான். பதறாதே, முழுக்கப் படி. யுத்த ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கொட்டகையில் அவள் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். அந்தத் துணி சல்லடைக் கண்ணாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இவளோ ஒரு மாசமாகத் தறிப் பலகையை ஓங்கி ஓங்கி அடித்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி, ஜமுக்காளம் மாதிரி நெய்கிறாள். மேஸ்திரி சங்கையா என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இது பேண்டேஜா, மெத்தை உறையா? பட்டாளத்தான் பெண்சாதின்னு அம்புட்டையும் பொறுத்துக்கிட்டேன். சனிக்கிழமைக்குள்ள சரியா நெய்யலன்னா தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார். நான், "சங்கையா, நீர் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்" என்றேன்.

நான் முறைப்படி ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் அந்தக் காலத்து அமெரிக்கர் மாதிரி, "உனக்கு நெசவு பொருந்தாது தாயி, ஆடு வளர்ப்புத்தான் பொருந்தும்" என்று காரண காரியத்தோடு ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். "சரி மாமா" என்றாள். போய் முன்னைவிட ஓங்கி அடித்தாள். மறுநாள் மூளையை அளப்பதற்காகத் துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றையும் ஒரே சுளகில் கலந்து கொடுத்தேன். நான் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் பிரித்து வைத்துவிட்டு, "உளுந்துல வண்டு விழுந்துருக்கு மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க" என்றாள். மூளையில் கோளாறு இல்லை என்று ஏற்பட்டது. உளுந்தைக் கலந்ததற்கு உன் பெரியம்மையிடம் நான் பட்டது தனிக் கதை.

ஆகவே மூன்றாவதாகப் புதுக் கட்சியின் முறையில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் போய் அவள் தறிக்கு எதிரே உட்கார்ந்தேன். பேசாமலிருப்பது உங்கள் யுத்தத்தைவிடக் கஷ்டமடா மகனே. வார்த்தை தொண்டை வரை வந்து முட்டுகிறது. அதற்குத் தடுப்பாகப் பெரிய பனங்கற்கண்டுக் கட்டி ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "என்ன மாமா?" என்றாள். நான் பேசவில்லை. "ஒடம்புக்கு முடியலையா?" என்றாள். நான் தலையை மட்டும் பரிதாபமாக ஆட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் பிறந்த நாள் முதல் வாய் மூடியதில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவன் வந்து வாயடைத்து உட்கார்ந்தால் அவள் என்ன நினைப்பாள்? "தந்தி வந்துருச்சா மாமா?" என்று ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே போட்டாள். பதறிப்போய் வாயைத் திறந்தேன். கற்கண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை, கண்ணீர்தான் வருகிறது. கொட்டகைப் பெண்கள் அம்புட்டுப் பேரும் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். சங்கையா என் முதுகில் ஒரு அறை விட்டார். கட்டி வெளியே விழுந்தது. "தந்தியும் இல்ல, மண்ணும் இல்ல! பய நல்லா இருக்கான் தாயி!" என்று கத்தினேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுது, பிறகு பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை, தொண்டை புண்ணாகியிருந்தது.

"நாலு மாசமா அவுககிட்டருந்து ஒரு வரி இல்ல மாமா. எம்மேல உள்ள கோவத்துலதான் அவுக எழுதல. எங்கிட்டக் கேக்காமப் பட்டாளத்துல சேந்தாகன்னு, அவுக பொறப்பட்ட அன்னைக்குக் கதவச் சாத்திக்கிட்டேன். ஸ்டேசனுக்குப் போகல. ஆனா ரயில் ஊதுன சத்தம் கேட்டதும் நிக்க முடியல மாமா. ரயில்வே கேட்டு வரைக்கும் ஓடுனேன். கடசிப் பெட்டிதான் தெரிஞ்சுது. நான் ஓடுனது அவுகளுக்குத் தெரியாது. இந்தத் துணி அவுக மேல கட்டுறதா இருந்தா, ஓட்ட ஓட்டயா இருந்தா ரத்தம் நிக்குமா?"

சங்கையா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேட்டியை விலக்கித் தன் கெண்டைக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். "நெருக்கி நெஞ்ச துணியக் கட்டுனா உள்ளயே புழுங்கிச் சீழ் புடிச்சிரும் தாயி. காத்துப் போனாத்தான் புண்ணு ஆறும். அதுக்குத்தான் கண்ணு விட்டு நெய்யச் சொல்லுறேன்" என்றார். அவள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை அவள் நெய்த துணியை வெயிலில் பிடித்தேன். அந்தப் பக்கம் நின்ற ஆட்டுக்குட்டி முழுசாகத் தெரிந்தது. தறி அவளுக்கே என்றாகிவிட்டது. எல்லாம் நான் கையாண்ட முறையின் மகிமை. கற்கண்டு போட்டது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அமெரிக்காவுக்கு எழுதிப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

மகனே, கோபமோ, காயமோ, காகிதம் கிடைக்காததோ, எதுவானாலும் அவளுக்கு நாலு வரி எழுது. கை முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவனை எழுதச் சொல். உன்னைப் பெற்றவன் இல்லாத குறைக்கு நான் இருக்கிறேன் என்று பெருமை பேசுவேனே தவிர, ராத்திரி தூக்கம் எனக்கும்தான் இல்லை. நீ போகும் இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால் நடப்பாராக. முடிந்தால் கொஞ்சம் குனிந்தே நீயும் நட. உன் பெரியம்மை முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
தே. தேவஇரக்கம், ஆலோசனை உத்தியோகஸ்தர்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் காசிராஜன் வாத்தியார் வந்தார். இந்த உத்தியோகத்தில் முதல் சட்டமே, கேட்டதை வெளியே மூச்சு விடக்கூடாது என்பதாம். மீறினால் ஆலோசனைக்காரனே இல்லையாம். இதைப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்! கிழித்துவிடலாமென்றால் யுத்த காலத்தில் காகிதத்துக்கு எங்கே போவேன்? ஆகையால் மேலே கண்ட எதையும் நான் எழுதவில்லை, நீயும் படிக்கவில்லை. வழியில் பிரித்துப் பார்க்கும் பட்டாளத்து அதிகாரி அவர்களும் தயவுசெய்து படித்ததை மறந்துவிட வேண்டியது. அவள் கேட் வரை ஓடினது உனக்குத் தெரியாது. தெரியாதவனாகவே, உனக்கே தோன்றி எழுதின மாதிரி அவளுக்கு எழுது, ரயில் கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன் என்று. பார்க்காவிட்டாலும் எழுது.